அம்மாவின் ஒற்றுப்பிழை

ஜூலை 19, வெள்ளி

இன்று நான் தப்பு எதுவும் செய்யவில்லை. ஒரு பெயரை எழுதினேன், அவ்வளவுதான். பெயர் எழுதுவது தப்பு என்றால் தினமும் வருகைப் பதிவேடு எழுதுகிற ஹெலன் டீச்சரும் தப்பு செய்தவர்தான்.

இது போன வருடத்துச் சமூக அறிவியல் நோட்டு. கடைசியில் நாற்பது தாள் வெள்ளையாகக் கிடந்தது. எல்லோரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் அப்பாவின் செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். முடித்ததும் அம்மாவின் பழைய தகரப் பெட்டியில், உடைந்த முக்குளிப்புக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிடுவேன். அந்தப் பெட்டியை அம்மா திறந்து நான் பார்த்ததே இல்லை.

யார் படித்தாலும் புரிகிற மாதிரி எழுத வேண்டும் என்று டீச்சர் சொல்வார். இதை யாரும் படிக்கப்போவதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். என் பெயர் சேதுபிரியா. ஒன்பதாம் வகுப்பு. ஊர் பாசிமுனை. அம்மா நம்புத்தாய்தான் எங்கள் ஊராட்சி மன்றத் தலைவர். பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கியபோது அப்பா அம்மாவை நிறுத்தினார். அம்மாவோடு கடலில் முங்கிப் பாசி எடுக்கிற பெண்கள் அத்தனை பேரும் ஓட்டுப் போட்டார்கள். ஆனால் ஊரில் யாராவது "தலைவரே" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது அப்பா. ரப்பர் ஸ்டாம்பு அவர் சட்டைப் பையில் இருக்கும். பெரிய அதிகாரிகள் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார்கள் என்று அம்மாவுக்கும் ஒரு பச்சைப் பேனா வாங்கினார். அதுவும் அவர் பையில்தான்; கையெழுத்து வேண்டும் என்றால் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து வாங்கிக்கொள்வார்.

அம்மா இன்னும் கடலுக்குப் போகிறாள். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "தலைவரு ஈரச்சேலையோட ரோட்டுல நடந்து வந்தா ஊரு மதிக்குமா?" என்பார். அம்மா சேலையைப் பிழிந்துகொண்டே கேட்டுக்கொள்வாள்.

பெட்டியின் மூடி கிரீச்சென்று சத்தம் போடுகிறது. நாளை எண்ணெய் விட வேண்டும்.

ஜூலை 20, சனி

மூடிக்கு எண்ணெய் விட்டேன்.

அம்மா நான்கு மணிக்குப் பாசி மூட்டையோடு வந்தாள். பாறை கிழிக்காமல் இருக்கப் பத்து விரலிலும் துணி சுற்றிக்கொண்டுதான் முங்குவார்கள். அந்தத் துணியை அவிழ்த்துவிடுவது என் வேலை. அவிழ்க்கும்போது என் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"வெரல்ல என்னடி பச்சை?"

"ஸ்கூல்ல மேப் வரைஞ்சேம்மா."

"என்ன மேப்பு?"

"கடல்."

"கடலுக்கு நீலமில்ல அடிப்பாக?"

"ஓரத்துல பச்சை அடிக்கலாம்மா."

அம்மா மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தாள். முழுதாகப் போகவில்லை.

ஜூலை 22, திங்கள்

பள்ளியில் கட்டுரைப் போட்டி அறிவித்தார்கள். தலைப்பு: 'உலகப் பெருங்கடல்களைக் காக்கும் தலைமை'. யாருக்கும் சொந்தமில்லாத நடுக்கடலைக் காப்பாற்ற உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் எழுதியிருக்கிறார்களாம். எழுதவே இருபது வருடத்துக்கு அருகில் ஆனதாம்.

"எழுதி முடிச்சாச்சு. இப்ப ஒவ்வொரு நாட்டுத் தலைவரும் கையெழுத்துப் போடணும். ஒரு கையெழுத்து கடலைக் காப்பாத்தும், ஒரு கையெழுத்து கடலை அழிக்கும். ஞாபகம் வச்சுக்கோங்க," என்றார் ஹெலன் டீச்சர்.

கையெழுத்து என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்தேன். தண்ணீர் குடிக்க வெளியே போனேன்.

திரும்பி வந்தபோது இலக்கணம் ஆரம்பித்திருந்தது. ஒற்று மிகும் இடம், மிகா இடம். "கடைப்பிடின்னா பின்பற்று. நடுவுல இருக்குற ஒத்தை எடுத்துட்டா என்ன ஆகும்? கடை பிடி. கடையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்க வேண்டியதுதான்," என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். "ஒத்து போச்சுன்னா ஒரு சொல்லு ரெண்டா ஒடைஞ்சுரும்." இலக்கணத்தில் எனக்கு எப்போதும் முழு மதிப்பெண். இன்றும் பத்துக்குப் பத்து.

ஜூலை 25, வியாழன்

இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா வயிற்றுக்கு ஓமத்தண்ணீர் கொடுத்தாள். வயிற்றில் ஒன்றுமில்லை.

ஜூலை 28, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எழுதினால் குறையும் என்று நினைக்கிறேன்.

இன்று காலை படகுத்துறைக்குப் பக்கத்தில் பெரிய பலகை ஒன்று நட்டார்கள். ஒரு கம்பெனியின் சரக்குக் கப்பல் வருவதற்காகக் கடலுக்குள் ஆழமாக வாய்க்கால் தோண்டப்போகிறார்கள் என்று எழுதியிருந்தது. வாய்க்கால் போகிற வழி தாழைப்படுகை. கடலுக்கு அடியில் வயல் மாதிரி வளர்கிற புல்லைத்தான் எங்கள் ஊரில் தாழை என்போம். நண்டு குஞ்சு பொரிப்பது அதில். கணவாய் முட்டை ஒட்டுவது அதில். ஆவுளியா மேய்வது அதில். ஆவுளியா என்றால் கடல்பசு.

அம்மா என்னைக் கூப்பிட்டாள். "வாசி."

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. பெயர் மட்டும் போடத் தெரியும். நான் வாசித்தேன். கம்பெனி பெயர், வாய்க்காலின் நீளம், 'மக்கள் பயன்பாட்டில் இல்லாத ஆழம் குறைந்த பகுதி' என்ற வரி வரைக்கும்.

"மக்கள் பயன்பாட்டுல இல்லையாமா?" ராக்கு சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். சித்தி அம்மாவின் தங்கை. கூடவே பாசிக்குப் போகிறவள். "அப்ப நாம யாரு, மக்கள் இல்லையா, மீனா?"

"அவ்வளவுதானாடி?" என்றாள் அம்மா. "கீழ ஒரு வரி பெருசா இருக்கே."

"அது தேதி, அம்மா."

அது தேதி இல்லை. 'பாசிமுனை ஊராட்சி மன்றத் தலைவரின் ஒப்புதலுடன்' என்பதுதான் அந்த வரி.

ஒப்புதல் கொடுத்தது நான்.

பத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை அம்மா கடலில் இருந்தபோது அப்பா ஒரு கடிதம் கொண்டுவந்தார். வாய்க்கால் தோண்டக் கிராமசபைக்கு ஆட்சேபணை இல்லை என்று அதில் இருந்தது. "ரேங்க் கார்டுல அம்மா கையெழுத்த நீதான போட்டுக்கிட்டுத் திரியிற? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அதே மாதிரி இதுலயும் போடு. அம்மாட்ட நான் சொல்லிக்கிறேன்," என்றார். கம்பெனி ஊருக்குப் புதுப் படகுத்துறை கட்டித் தரும், வற்றுக் காலத்தில் படகு தரை தட்டாது, நல்லதுக்குத்தான் என்றார். அது உண்மைதான், எங்கள் படகு இரண்டு முறை தரை தட்டி உடைந்திருக்கிறது. பச்சைப் பேனாவைக் கொடுத்தார். அது கசிந்துகொண்டிருந்தது.

ரேங்க் கார்டில் நான் ஆறாம் வகுப்பிலிருந்து போடுகிறேன். அம்மா கடலில் இருப்பாள், டீச்சர் அன்றைக்கே கேட்பார், வேறு என்ன செய்வது?

சாயந்தரம் அப்பா என்னைத் தனியாகப் பிடித்தார். "வெளிய தெரிஞ்சுச்சு, அம்மா பதவி போயிரும். போலீசு வரும். வாயத் தொறக்காத, சரியா?" சொல்லிவிட்டு ரோட்டை இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் பயமாக இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

எழுதிவிட்டேன். குறையவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

அம்மா இன்று ஊராட்சி அலுவலகத்துக்குத் தானாகப் போனாள்! ராக்கு சித்தி வந்து நடித்துக் காட்டினாள்.

"பாசிய எறக்கி வச்சுட்டு நேரா உள்ள போனா பாரு, சேலையில தண்ணி சொட்டச் சொட்ட. பூமிநாதன் கிளார்க்கு அப்புடியே எந்திரிச்சு நின்னுட்டாரு. 'என்னக்கா, அண்ணன் வரலையா?'ன்னாரு. 'தலைவரு நாந்தான தம்பி? எங்க என் நாற்காலி?'ன்னா. மனுசன் துண்டால தொடைச்சு விட்டாரு. ஒக்காந்தா. நாலரை வருசத்துல மொதத் தடவை!"

"அப்புறம் சித்தி?"

"கம்பெனிக்குப் போன கடுதாசி நகலக் கொண்டான்னா. அவரு, 'அண்ணன்ட்ட கேட்டுத்தான்...'ன்னு இழுத்தாரு. 'அண்ணனா இங்க தலைவரு?'ன்னா. கொடுத்துட்டாரு."

சித்தியின் கையைப் பிடித்தேன். "அம்மா என்ன செஞ்சா?"

"என்ன செய்வா? வாசிக்கவா தெரியும்? அடியில கையெழுத்து இருக்குற எடத்தையே பாத்துக்கிட்டிருந்தா. வெரல மடக்கி மடக்கி என்னமோ எண்ணுனா. ரெண்டு தரம் எண்ணுனா. அப்புறம் மடிச்சுக் குடுத்துட்டு, 'பத்திரமா வைங்க தம்பி, தொலைச்சுறாதிக'ன்னு சொல்லிட்டு வந்துட்டா."

எதை எண்ணினாள் என்று தெரியவில்லை. நல்லவேளை, அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

ராத்திரி சாப்பிடும்போது அப்பா தட்டைத் தள்ளினார். "ஆபீசுக்கு எதுக்குப் போன?"

"நாற்காலி நல்லாருக்கான்னு பாக்கப் போனேன்," என்றாள் அம்மா. "ஒரு காலு ஆடுது."

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இன்று என்னையும் கடலுக்குக் கூட்டிப்போனாள். படகு பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றாள். சித்தி இருக்கும்போது நான் எதற்கு என்று புரியவில்லை.

தாழைப்படுகை நெடுகிலும் கம்பெனிக்காரர்கள் மூங்கில் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். தோண்டுவதற்கு அடையாளம். நான் கண்ணாடி மாட்டித் தலையைத் தண்ணீருக்குள் விட்டேன். புல் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து மறுபடி நிமிர்ந்தது. தூரத்தில் பெரிதாக, சாம்பல் நிறத்தில் ஒன்று. முதலில் பாறை என்று நினைத்தேன். அது முகத்தைத் தரையில் அழுத்திக்கொண்டு தாழையைப் பிடுங்கித் தின்றது. அவசரமே இல்லை. அதன் பக்கத்தில் ஒரு குட்டி. தாய் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது.

மேலே வந்தபோது கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. கடல் தண்ணீர்தான்.

"பாத்தியா?" என்றாள் அம்மா.

"பாத்தேன்."

"ஏதாச்சும் சொல்லணுமா?"

"இல்லம்மா."

அம்மா முங்கினாள். எழும்போது கையில் ஒரு மூங்கில் கம்பு. படகில் போட்டாள். சித்தி முங்கி இன்னொன்று கொண்டுவந்தாள். மொத்தம் பதினேழு கம்பு. இப்போது இரண்டு கம்பு எங்கள் முற்றத்தில் துணி காயப்போட நிற்கிறது. அப்பா வந்து பார்த்துக் கத்தினார்.

"அது கம்பெனி சொத்துடி!"

"என் தாழையில மொளைச்சுக் கெடந்துச்சு. மொளைச்சதப் புடுங்குனேன்," என்றாள் அம்மா, அவருடைய சட்டையை அந்தக் கம்பில் விரித்துக்கொண்டே.

சிரிப்பு வந்தது. பதினாறு நாளில் முதல் தடவை.

ஆகஸ்ட் 5, திங்கள்

அம்மாவும் சித்தியும் காலை ஆறு மணி பஸ்ஸில் கலெக்டர் ஆபீஸ் போனார்கள். திங்கள்கிழமை மனு கொடுக்கும் நாள். மரத்தடியில் மனு எழுதித் தருகிறவரிடம் அம்மா சொல்லச் சொல்ல அவர் எழுதினாராம். ஆகஸ்ட் பதினைந்து கிராமசபையில் இதைப் பேசப்போகிறோம், ஒரு அதிகாரி நேரில் வந்து கேட்க வேண்டும் என்று. வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதிகாரி வந்தால் கடிதத்தைப் பார்ப்பார். பார்த்தால்?

ஆகஸ்ட் 7, புதன்

கட்டுரையைப் போட்டியில் வாசிக்க வெளியூர் போக அம்மா சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இந்த முறை நான் போடவில்லை. இனி எதிலும் போடுவதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன். அம்மாவே ஸ்டூலில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டாள். நான் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டேன்.

ஹெலன் டீச்சர் படிவத்தை வாங்கினார். சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார்.

"ஒங்க அம்மா பேருல ஒத்து விட்டுப்போச்சே."

எட்டிப் பார்த்தேன். நம்புதாய். ஐந்தே எழுத்து. நடுவில் 'த்' இல்லை.

"இத்தனை வருஷம் ரேங்க் கார்டுல நம்புத்தாய்னு சரியாத்தான போட்டாக?" என்றார் டீச்சர். "இப்ப மட்டும் ஒத்து எங்க ஓடிப்போச்சு?"

என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் படிவத்தை மடித்து நோட்டுக்குள் வைத்தார். பிறகு, "போய் ஒக்காரு," என்றார்.

அம்மா ஒற்று போடவே மாட்டாள். நான் போட்டிருக்கிறேன். ரேங்க் கார்டில், கம்பெனிக் கடிதத்தில், எல்லாவற்றிலும். தப்பே இல்லாமல் எழுதியதுதான் என் தப்பு.

ஆகஸ்ட் 10, சனி

பாசியை உலர்த்தும்போது தைரியம் வரவழைத்துக் கேட்டேன். "அம்மா, ஒன் பேருல நடுவுல ஒரு 'த்' வரணும். நீ ஏன் போடுறதில்ல?"

"பழைய ரேசன் கார்டுல அச்சடிச்சிருந்தத பாத்துத்தான் எழுதப் பழகுனேன். அதுல இல்ல."

"அது அச்சுப்பிழை அம்மா. நான் சொல்லித் தர்றேன், இனிமே சரியா போடு."

"வேணாம்." அம்மா கைப்பிடிப் பாசியை உதறினாள். "எலக்சனுக்கு மனு போட்டப்ப அந்த ஆபீசரு சொன்னாரு, 'அம்மா, கையெழுத்த மாத்தவே கூடாது, மொதல்ல எப்புடிப் போட்டிகளோ கடைசி வரைக்கும் அப்புடித்தான்'னு. தப்பாப் போட்டாலும் ஒரே மாதிரி தப்பாப் போடணும். அஞ்சு எழுத்துன்னா அஞ்சு எழுத்து."

ஐந்து என்று சொல்லும்போது விரலை மடக்கினாள். சுண்டுவிரலில் ஆரம்பித்துக் கட்டைவிரல் வரை.

சித்தி நடித்துக் காட்டியதும் இப்படித்தான்.

இல்லை. இருக்காது. தெரிந்திருந்தால் அடித்திருப்பாள்.

ஆகஸ்ட் 14, புதன்

நாளை கிராமசபை. அப்பா எனக்கு மிட்டாய் வாங்கி வந்தார். நான் என்ன குழந்தையா?

"நாளைக்கு நீ வீட்லயே இரு. அம்மா அங்க என்ன பேசுனாலும் கடுதாசி இருக்கு. ஒண்ணும் செய்ய முடியாது."

நான் வாயைத் திறந்தால் அந்தக் கடிதம் செத்துப்போகும். அப்பா மாட்டுவார். நானும் மாட்டுவேன். திறக்காவிட்டால் ஆவுளியாக் குட்டிக்குப் புல் இருக்காது. கட்டுரைக்கு உலகத் தலைவர்களைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அதில் ஒருவருக்காவது இப்படி வயிறு வலித்ததா என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்ததும் வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். பந்தல் போட்டிருந்தார்கள். இடமே இல்லை. பாசி எடுக்கிற பெண்கள் நூறு பேருக்கு மேல் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா நடு நாற்காலியில், உலர்ந்த சேலையில். பக்கத்தில் சப்-கலெக்டர், இளவயதுப் பெண். இன்னொரு பக்கம் கம்பெனி அதிகாரி சதானந்தம். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

அம்மா எழுந்தாள். மைக் வேண்டாம் என்று தள்ளினாள். அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

"தாழைய யாரும் தோண்டக் கூடாது. இதுதான் தீர்மானம்."

சதானந்தம் சிரித்தார். "மேடம், இது வேடிக்கையா இருக்கு. தலைவரம்மாவே போன மாசம் ஒப்புதல் குடுத்துட்டு இப்ப எதுக்குறாங்க." ஒரு கடிதத்தை எடுத்து ஆட்டினார். "பாவம், வாசிக்கத் தெரியாதுல்ல? யாராச்சும் அவங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க. அதோ, அவங்க பொண்ணு நிக்குதே, அதையே வாசிக்கச் சொல்லுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். அப்பா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அம்மா ஆட்டவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

போனேன். கடிதத்தை வாங்கினேன். என் பச்சை எழுத்து. கசிந்த இடத்தில் என் விரல் ரேகைகூட இருந்தது. வாசித்தேன். ஆட்சேபணை இல்லை என்ற இடத்தில் ஊர் இரைந்தது. கடைசி வரிக்கு வந்தேன். சும்மா 'கையொப்பம்' என்று சொல்லி முடித்திருக்கலாம்.

"கையொப்பம்," என்றேன். "நம்புத்... தாய்."

அந்த ஒற்றை அழுத்திச் சொன்னேன். பந்தல் முழுக்கக் கேட்டிருக்கும்.

"எத்தனை எழுத்துடி இருக்கு அதுல?" என்றாள் அம்மா.

"ஆறு."

"எனக்கு எத்தனை?"

"அஞ்சு."

அம்மா சப்-கலெக்டரிடம் திரும்பினாள். "அம்மா, நீங்க எலக்சன் மனுவப் பாருங்க. தீர்மானப் புத்தகத்தப் பாருங்க. நாலரை வருசமா நான் போட்டது எல்லாம் அஞ்சு எழுத்து. எம் பேரத் தப்பில்லாம எழுத எனக்குத் தெரியாதுங்க. இம்புட்டு நல்லா எழுதியிருக்குன்னா, அது நான் இல்ல."

சப்-கலெக்டர் என் கையிலிருந்த கடிதத்தை எட்டிப் பார்த்தார். பிறகு ராக்கு சித்தி சிரிக்க ஆரம்பித்தாள். பந்தலே சிரித்தது. "ஏய், நம்புவுக்குப் படிப்பு வந்துருச்சுன்னு பொய் சொல்லிப்புட்டாகளே!" என்று யாரோ கத்தினார்கள். பூமிநாதன் கிளார்க் தீர்மானப் புத்தகத்தோடு ஓடி வந்தார். சப்-கலெக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நம்புதாய், நம்புதாய், நம்புதாய்.

"சரி. இதைப் போட்டது யார்?" என்றார்.

"நான் போடலைங்க. அது போதாதா?" என்றாள் அம்மா. முதல் தடவையாக அவள் குரல் இறங்கியது.

"போதாதும்மா. யாரோ உங்க பேருல போட்டிருக்காங்க."

"நான்தான்," என்றேன்.

குரல் வரவில்லை என்று நினைத்தேன். வந்திருக்கிறது. முன்வரிசையில் சித்தி வாயில் கை வைத்துக்கொண்டாள். கடிதத்தை மேசையில் வைத்தேன்.

"நான் போடச் சொன்னேன்!" பின்னாலிருந்து அப்பா. தூணை விட்டுவிட்டு வந்தார். "பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது மேடம். படகுத்துறை வருமேன்னு எனக்குப் பேராசை. தலைவரு நான்னு ஒரு நெனப்பு. கேசு எழுதுனாலும் சரி, என் பேர எழுதிக்கங்க." சட்டைப் பையிலிருந்து ஸ்டாம்பையும் பச்சைப் பேனாவையும் எடுத்து மேசையில் வைத்தார். பையில் பச்சைக் கறை பெரிதாகப் படர்ந்திருந்தது.

சப்-கலெக்டர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். திட்டவில்லை. "இனிமே உன் பேரை மட்டும் எழுது," என்றார். அப்பாவை விசாரணைக்கு வரச் சொன்னார். பிறகு சதானந்தத்திடம் கடிதத்தை நீட்டி, "இது செல்லாது. ஊர் என்ன சொல்லுதோ அதைத்தான் நான் எழுதி அனுப்புவேன்," என்றார். சதானந்தம் எல்லாக் காகிதத்தையும் பைக்குள் திணித்தார்.

முடிந்தது என்று நினைத்தேன். அம்மா உட்காரவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு. கம்பெனி மட்டும் தோண்டக் கூடாது, நாம மட்டும் சொரண்டலாமா? நம்ம ஊரு போட்டும் தாழை மேல இழுவலை போடக் கூடாது. அதையும் எழுதுங்க."

ஆண்கள் பக்கம் சத்தம். "அதெப்படித் தலைவரே?" "நண்டு சீசன்ல எங்க போறது?" "வாக்க வாங்கிக்கிட்டு வயித்துல அடிக்கிறீகளே!"

"பாசி எடுக்குறவளுக மாசத்துல பன்னெண்டு நாளுதான் முங்குறோம். மிச்ச நாளு பாசி வளரட்டும்னு நாங்களா முடிவு பண்ணுனது. எந்தச் சட்டமும் சொல்லல. பட்டினி கெடந்தோமா? கெடந்தோம். மொத வருசம் கெடந்தோம். இப்ப மூட்டை நெறையுதா இல்லையா?" அம்மா அப்பாவைக் கைகாட்டினாள். "எங்க வீட்டு இழுவலையத்தான் மொதல்ல கரையில ஏத்துவேன். இதுக்காக அடுத்த எலக்சன்ல எனக்கு ஓட்டுப் போடலைன்னா போடாதிக. எனக்கு முங்கத் தெரியும்."

முதலில் ராக்கு சித்தி கையைத் தூக்கினாள். அவளுக்குப் பின்னால் வரிசையாக, துணி சுற்றிச் சுற்றித் தடம் விழுந்த விரல்கள். பிறகு ஆண்கள் பக்கம் ஒன்று, மூன்று, பத்து. கடைசியில் பூமிநாதன் எண்ணி முடித்து, "இருநூத்திப் பன்னெண்டு கை!" என்று கத்தினார். எதிர்ப்பு பத்தொன்பது.

தீர்மானத்தை எழுதி அம்மா முன்னால் வைத்தார்கள். அம்மா பச்சைப் பேனாவை எடுத்தாள். மூடியை என்னிடம் பிடிக்கக் கொடுத்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டாள்.

சப்-கலெக்டர் குனிந்து பார்த்துச் சிரித்தார். "அம்மா, நடுவுல ஒரு 'த்' விட்டுப்போச்சு. சேர்த்துக்கிறீங்களா?"

"வேணாம்ங்க," என்றாள் அம்மா. "அது இருந்தா நான் இல்லைன்னு ஆயிரும்."

படகுத்துறையில் வெடி வெடித்தார்கள். பலகையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

காலையில் எட்டுப் பக்கக் கட்டுரையைக் கிழித்துவிட்டுப் புதிதாக இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஹெலன் டீச்சர் முதல் வரியை வாசித்தார்: 'எனக்குத் தெரிந்த தலைவரின் பெயர் ஐந்து எழுத்து.' சிவப்புப் பேனாவை எடுத்தார். வட்டம் போடாமல் மூடி வைத்துவிட்டார்.

சாயந்தரம் அப்பா இழுவலையை மடித்துக் கரையில் ஏற்றினார். ஊர் பார்த்தது. விசாரணைக்குத் திங்கள்கிழமை போக வேண்டும். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து வாசலிலேயே ரொம்ப நேரம் நின்றார்.

"தலைவரே," என்றார் உள்ளே பார்த்து. "கொழம்பு மிச்சமிருக்கா?"

"மனு எழுதிக் குடுங்க. பரிசீலிக்கிறேன்," என்றாள் அம்மா. ஆனால் தட்டை எடுத்துவிட்டாள்.

நான் அவள் விரல் துணியை அவிழ்த்தேன். "ஒனக்கு எப்பம்மா தெரியும்?"

"கடலுக்கு யாராச்சும் பச்சை அடிப்பாகளாடி?"

"அப்பவே தெரியுமா! அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டேனே. தாழையில வச்சுக் கேட்டேன். நீதான் இல்லைன்ன."

அம்மா அடுத்த கையை நீட்டினாள்.

இப்போது நோட்டை எடுக்கத் தகரப் பெட்டியைத் திறந்தேன். கண்ணாடி இடது பக்கம் இருந்தது. நான் எப்போதும் வலது பக்கம் வைப்பேன். மூடிக்கு எண்ணெய் விட்டிருக்கவே கூடாது.

நோட்டை விரித்தேன். ஜூலை 19 பக்கத்தின் அடியில், ரேங்க் கார்டில் பெற்றோர் கையொப்பம் போடுகிற மாதிரி, ஓரத்தில் கோணலாக, பச்சை மையில் ஐந்து எழுத்து இருந்தது. அடுத்த பக்கத்திலும். அதற்கு அடுத்த பக்கத்திலும். நேற்று எழுதிய பக்கம் வரைக்கும் ஒன்று விடாமல். அவளால் ஒரு வரி வாசிக்க முடியாது.

ஒற்று போனால் ஒரு சொல் இரண்டாக உடையும் என்று டீச்சர் சொன்னது சரிதான். இப்போதுதான் அதை இரண்டாக வாசித்தேன்.

நம்பு. தாய்.